பெயர்ப் பட்டியலில் தொடங்க வேண்டாம்: குழந்தைகளுக்குச் சூரியக் குடும்பத்தையும் விண்வெளிப் பயணத்தையும் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் 8 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு வானியல் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியபோது, எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சூரியக் குடும்பத்தின் சார்ட்டைச் சுவரில் மாட்டி, புதன், வெள்ளி என்று வரிசையாக ஒப்பிக்கச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் அனைவரும் தடங்கலின்றி ஒப்பித்தார்கள். மறுவாரம் காலை வகுப்பில், இப்போது நிலா எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இரவில்தான் வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, மேற்கே தண்ணீர்த் தொட்டிக்கு மேல் பாதி நிலா வெளிறித் தெரிந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு வரிசையை மாற்றினேன். கண்ணால் பார்க்கக்கூடியது முதலில், அளவும் தூரமும் அடுத்து, பெயர்கள் அதற்கும் பிறகு, ராக்கெட் கடைசியில். இந்த வரிசையைக் குலைத்தால் என்ன ஆகிறது என்பதைப் புதிதாகக் கற்பிக்க வந்தவர்களிடம் பலமுறை பார்த்துவிட்டதால், ஒவ்வொரு படியையும் அதன் காரணத்தோடு இங்கே எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் சேர்க்க வேண்டியவை

விலை கொடுத்து வாங்க வேண்டியவை மிகக் குறைவு. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சி, சாக்பீஸ், அளவு நாடா, பத்து மீட்டர் கயிறு, கால்பந்து, டென்னிஸ் பந்து, ஹோல்டரில் பொருத்திய பல்பு, பிள்ளைக்கு ஒன்றாகச் சிறிய தெர்மாகோல் உருண்டைகள், முகம் பார்க்கும் சிறிய கண்ணாடி, மஞ்சள் நிறச் சார்ட், ஒட்டும் டேப் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். சமையலறையிலிருந்து ரவை, கடுகு, கசகசா, மிளகு, கொண்டைக்கடலை ஆகியவற்றில் ஒரு சிட்டிகை போதும். திதி அச்சிட்ட தினசரிக் காலண்டர் ஒன்று கட்டாயம் வேண்டும்; நம் வீட்டுச் சுவரில் தொங்கும் அந்தக் காலண்டரைப் போல நிலாவின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லும் கருவி வேறில்லை.

தொலைநோக்கியை இப்போது வாங்க வேண்டாம். பெட்டியின் மேல் நூற்றுக்கணக்கான மடங்கு பெரிதாகக் காட்டும் என்று அச்சிட்டு விற்கப்படும் மலிவான தொலைநோக்கிகள், ஆடும் கால்களின் மேல் நின்றுகொண்டு மங்கலான ஒளிப்பொட்டை மட்டுமே காட்டும். முதல் இரவிலேயே பிள்ளைகளின் ஆர்வம் வடிந்துவிடும். செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் 10x50 பைனாகுலர் ஒன்று போதும்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிக்கொள்ளும். ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிப்பது நல்லது. அப்படி வைத்துக்கொண்டால் ஏப்ரல் 24 அன்று வரும் ஒரு வாய்ப்பும் கைக்கு எட்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

2. முதல் நாள்: எதையும் சொல்லாமல் வரையச் சொல்லுங்கள்

ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு தாளைக் கொடுத்து, சூரியன், பூமி, நிலா மூன்றையும் வரையச் சொல்லுங்கள். அளவு, தூரம் என்ற சொற்களை நீங்கள் வாயெடுக்கக் கூடாது. வரைந்து முடித்ததும் நிலா ஏன் தேய்கிறது என்று கேட்டு, சொன்னதை அப்படியே தாளின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு பிள்ளையின் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் படம் தெரியாமல் புதிய படத்தை அதன் மேல் ஒட்ட முடியாது. பெரும்பாலான தாள்களில் நிலா பூமியை உரசிக்கொண்டு நிற்கும்; சூரியன் பூமியைப் போல இரண்டு மடங்கு இருக்கும்; பூமியின் நிழல் விழுவதால் நிலா தேய்கிறது என்று பின்பக்கம் எழுதியிருக்கும். திருத்த வேண்டாம். தேதி போட்டு எடுத்து வையுங்கள்.

3. குச்சியும் நிழலும்

இரண்டாவது வகுப்பை நண்பகலில் வையுங்கள். மொட்டைமாடியில் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, 11.45 மணியிலிருந்து 12.30 மணி வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். மிகக் குட்டையான நிழல் விழும் நேரமே அன்றைய சூரிய நண்பகல். அந்த நிழல் விழும் கோடே வடக்கு தெற்கு.

கடிகாரத்தில் 12 மணி அடித்ததும் ஒரே ஒரு புள்ளி வைத்துவிட்டு இறங்கிவிடுவதுதான் இங்கே பலரும் செய்யும் பிழை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. சென்னையோ அதற்குச் சற்று மேற்கே, 80.3 டிகிரியில் இருக்கிறது. அதனாலும், ஆண்டு முழுவதும் பூமியின் வேகம் சீராக இல்லாததாலும், அச்சின் சாய்வாலும், நம் நண்பகல் நவம்பர் தொடக்கத்தில் 11.53 வாக்கிலும் பிப்ரவரியில் 12.23 வாக்கிலும் வருகிறது. இந்த விளக்கத்தைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதில்லை. நிழலைத் தொடர்ந்து குறித்தால் அவர்களே கண்டுகொள்வார்கள்.

இதையே மாதம் ஒருமுறை செய்யுங்கள். டிசம்பர் 21 வாக்கில் ஒரு மீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் வடக்கு நோக்கி ஏறக்குறைய 74 சென்டிமீட்டர் இருக்கும். அது மாதந்தோறும் குறுகி, ஏப்ரல் 24 அன்று நண்பகல் 12.07 மணியையொட்டி முழுவதுமாக மறைந்துவிடும். ஆகஸ்ட் 18 அன்றும் அவ்வாறே மறையும். இடைப்பட்ட ஜூனில் நிழல் தெற்குப் பக்கம் விழும். ஜூன் 21 அன்று சுமார் 18 சென்டிமீட்டர். சூரியன் நமக்கு வடக்கே நிற்கும் நாள்கள் உண்டு என்பது எங்கள் குடியிருப்பில் பெரியவர்கள் பலருக்கே புதிய செய்தியாக இருந்தது.

பருவங்கள் ஏன் மாறுகின்றன என்ற கேள்வியை இந்த இடத்தில் மட்டுமே எடுங்கள். கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்று ஏதாவது ஒரு பிள்ளை சொல்லியே தீரும். அதற்கு மறுப்பு நம் ஊரிலேயே இருக்கிறது: பூமி சூரியனுக்கு மிக அருகில், அதாவது 14.7 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். சென்னைக்காரர்கள் மார்கழிக் குளிரில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் காலம் அது. தூரம் காரணமில்லை, 23.5 டிகிரி சாய்வே காரணம் என்பதை மாதந்தோறும் நகர்ந்த அந்தச் சாக்பீஸ் கோடுகளைக் காட்டி விளக்குங்கள்.

4. ஒரு மாத நிலாக் குறிப்பேடு

குச்சி வகுப்போடு இதையும் தொடங்கிவிடுங்கள். தினமும் மாலை 7 மணிக்கு, ஒரே இடத்தில் நின்று, நிலா எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில், எந்த வடிவத்தில் இருக்கிறது என்று மூன்று குறிப்புகள். உயரத்தை அளக்கக் கையை நேராக நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் போதும். ஒரு முட்டி ஏறக்குறைய 10 டிகிரி. பிள்ளையின் கை குட்டை, முட்டியும் சிறிது என்பதால் கணக்கு ஒத்துவரும்.

புத்தகங்கள் மூன்றாம் பிறையிலிருந்து தொடங்கச் சொல்லும். நகரத்தில் அது கைகொடுக்காது. எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் பிறை இறங்கிவிடும், பிள்ளை முதல் நாளே ஏமாந்துபோகும். காலண்டரில் வளர்பிறைப் பஞ்சமி எந்த நாள் என்று பார்த்து அன்று தொடங்குங்கள். ஒவ்வொரு நாளும் நிலா ஒரு முட்டிக்குச் சற்று அதிகமாகக் கிழக்கே தள்ளி நிற்பதையும், பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையில் கடலுக்கு மேல் எழுவதையும் அவர்களே எழுதி வருவார்கள்.

குறிப்பேடு நின்றுபோவது பௌர்ணமிக்கு மறுநாள். அன்று 7 மணிக்கு நிலா இன்னும் எழுந்திருக்காது. நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாகும். 'ஆன்ட்டி, நிலா வரவே இல்ல' என்று ஒரு பிள்ளை வந்து நிற்கும். மற்றவர்கள் ஏடுகளை மூடிவைத்திருப்பார்கள். ஆகவே பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்துப் பார்க்கும் நேரத்தைக் காலை 6.30 மணிக்கு மாற்றிவிடுங்கள். பள்ளி வேனுக்குக் காத்திருக்கும்போதே மேற்கில் நிலா தெரியும்.

தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய காலையில் ஒரு சிறிய வேலை செய்யுங்கள். வெயில் படும் இடத்தில் நின்று, தெர்மாகோல் உருண்டையைக் கையால் நீட்டி, வானத்து நிலாவுக்குப் பக்கத்தில் தெரியும்படி பிடிக்கச் சொல்லுங்கள். நிலாவில் எந்தப் பக்கம் எவ்வளவு வெளிச்சமோ, உருண்டையிலும் அதே பக்கம் அதே அளவு வெளிச்சம் இருக்கும். இரண்டுக்கும் விளக்கு ஒன்றுதான். இந்த ஒரு நிமிடத்துக்காக அந்த மாதம் முழுவதும் காத்திருக்கலாம் என்பேன்.

5. இருட்டறையில் பல்பும் உருண்டையும்

குறிப்பேடு முடிந்த பிறகே இந்தச் சோதனைக்கு வாருங்கள். பார்க்காத ஒன்றுக்கு விளக்கம் சொன்னால் அதுவும் ஒப்பிக்கும் பாடமாகிவிடும்.

ஜன்னல்களை அடைத்து, அறையின் நடுவில் பல்பைப் பிள்ளைகளின் முக உயரத்தில் தொங்கவிடுங்கள். டியூப்லைட்டும் கைப்பேசியின் டார்ச்சும் உதவாது. முதலாவது நீளமானது, இரண்டாவது ஒரே பக்கம் மட்டும் ஒளி வீசும். ஒவ்வொரு பிள்ளையும் பென்சிலில் குத்திய உருண்டையைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, இடப்புறமாக மெல்லச் சுற்ற வேண்டும். தலைதான் பூமி, உருண்டை நிலா.

இங்கே உருண்டையைத் தலையின் உச்சிக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்ல மறந்துவிட்டால் மொத்த வகுப்பும் வீண். முக உயரத்தில் பிடித்தால், பௌர்ணமி வர வேண்டிய இடத்தில் தலையின் நிழல் உருண்டையில் விழும். பூமியின் நிழலால்தான் நிலா தேய்கிறது என்ற பழைய எண்ணத்தை நாமே உறுதிப்படுத்தியவர்களாவோம். சற்றுத் தூக்கிப் பிடிப்பதற்கு உண்மையிலேயே காரணமும் உண்டு. நிலாவின் பாதை பூமியின் பாதைக்கு ஏறக்குறைய 5 டிகிரி சாய்ந்திருப்பதால், பெரும்பாலான பௌர்ணமிகளில் நிழல் மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடுகிறது. எல்லோரும் பிறைகளைக் கண்ட பிறகு உருண்டையை வேண்டுமென்றே தாழ்த்தச் சொல்லுங்கள். விழும் நிழல்தான் சந்திர கிரகணம். அது தேய்பிறையிலிருந்து வேறானது என்பது அப்போது தெளிவாகும்.

6. கால்பந்து, டென்னிஸ் பந்து: நிலா எவ்வளவு தொலைவில்?

கால்பந்து பூமி என்றால் நிலாவுக்கு டென்னிஸ் பந்து ஏறத்தாழப் பொருந்தும். ஒரு பிள்ளையிடம் டென்னிஸ் பந்தைக் கொடுத்து, சரியான தூரம் என்று தோன்றும் இடத்தில் போய் நிற்கச் சொல்லுங்கள். அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று நிற்பார்கள். நிலாவின் சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர், அதாவது முப்பது பூமிகளை வரிசையாக அடுக்கினால் வரும் தூரம். கால்பந்தின் அளவில் அது 6.6 மீட்டர்.

அந்த 6.6 மீட்டர் கயிறு தரையில் கிடக்கும்போதே, சர்வதேச விண்வெளி நிலையம் எங்கே இருக்கும் என்றும் கேட்டுவிடுங்கள். பாதி வழியில் கை வைப்பார்கள். அது 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. கால்பந்தின் தோலிலிருந்து 7 மில்லிமீட்டர், ஒரு விரலின் பருமன்கூட இல்லை. விண்வெளியின் எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படும் 100 கிலோமீட்டரோ சென்னையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் காரில் போகும் தூரம்தான். விண்வெளிக்குப் போவதும் நிலாவுக்குப் போவதும் எவ்வளவு வேறான வேலைகள் என்பதை இங்கே ஊன்றிவிட்டால், ராக்கெட் வகுப்பில் பாதி விளக்கம் மிச்சமாகும்.

7. சூரியனின் அளவை அவர்களே அளக்கட்டும்

முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல், அரை சென்டிமீட்டர் துளையிட்ட தாளை ஒட்டி மூடுங்கள். வெயில் விழும் இடத்தில் அதை வைத்து, பிரதிபலிக்கும் ஒளியை வீட்டுக்குள் இருட்டான சுவரில் விழச் செய்யுங்கள். துளை சதுரமாக இருந்தாலும் சுவரில் வட்டமே விழும். அது சூரியனின் பிம்பம். புங்கமர நிழலில் தரையெங்கும் சிதறிக் கிடக்கும் ஒளி வட்டங்களும் இதே வகைதான்.

கண்ணாடியிலிருந்து சுவர் வரையுள்ள தூரத்தை வட்டத்தின் விட்டத்தால் வகுக்கச் சொல்லுங்கள். எங்கள் மாடிப்படி அறையில் 9 மீட்டர் தூரத்தில் 8.3 சென்டிமீட்டர் வட்டம் கிடைத்தது; ஈவு 108. சூரியனின் தூரமான 15 கோடி கிலோமீட்டரை 108-ஆல் வகுத்தால் சுமார் 13.9 லட்சம் கிலோமீட்டர், சூரியனின் விட்டம். பிள்ளைகளின் ஈவு 100 முதல் 115 வரை எங்கு வந்தாலும் அளவு சரியாகவே நடந்திருக்கிறது. தூரம் குறைவாக இருந்தால் துளையின் அளவே வட்டத்தைப் பெரிதாக்கிவிடும்; ஐந்து மீட்டருக்குக் குறைய வேண்டாம்.

தொடங்கும் முன் விதியை உரக்கச் சொல்லுங்கள்: சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, பைனாகுலர் வழியாக ஒருபோதும் கூடாது, கண்ணாடியின் ஒளியை ஒருவர் முகத்தில் அடிக்கக் கூடாது. நம் வீடுகளில் கிரகணத்தின்போது எடுத்துத் தரப்படும் எக்ஸ்ரே பிலிமும் பாதுகாப்பானதன்று. வெளிச்சத்தை மங்கச் செய்யுமே தவிர, கண்ணைச் சுடும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களைத் தடுக்கும் என்று நம்ப முடியாது.

8. கடற்கரையில் சூரியக் குடும்ப நடை

இதற்கு அரை கிலோமீட்டர் நேர்வழி வேண்டும். மெரினாவின் சிமென்ட் நடைபாதை ஏற்ற இடம். காலை 6 மணிக்கே போய்விடுங்கள். மணலில் நடத்தாதீர்கள், காலடிகள் புதைந்து எண்ணிக்கை தாறுமாறாகும்.

ஒரு மீட்டருக்கு ஒரு கோடி கிலோமீட்டர் என்று அளவு வைத்துக்கொண்டால் கணக்கு வாய்ப்பாடாகிவிடும். சூரியன் 14 சென்டிமீட்டர் மஞ்சள் வட்டம். அங்கிருந்து 6 மீட்டரில் புதன், ஒரு ரவைத் துணுக்கு. 11 மீட்டரில் வெள்ளி, சிறுகடுகு. 15 மீட்டரில் பூமி, இன்னொரு கடுகு. 23 மீட்டரில் செவ்வாய், கசகசா. 78 மீட்டரில் வியாழன், ஒரு கோலிக்குண்டு. 143 மீட்டரில் சனி, ஊறவைத்த பெரிய கொண்டைக்கடலை; ஊறாதது சற்றுச் சிறிது. 287 மீட்டரில் யுரேனஸும் 450 மீட்டரில் நெப்டியூனும், ஆளுக்கொரு மிளகு.

முதல் முறை கடுகைக் கையில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பூமியைப் பொறுப்பேற்ற சிறுமி உள்ளங்கையைத் திறந்து காட்டிய நொடியில் கடற்காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. பிறகு நாங்கள் தேடியது கடுகையா பூமியையா என்று எனக்கே தெரியவில்லை. அன்று முதல் ஒவ்வொரு கோளையும் அஞ்சலட்டை அளவுள்ள கறுப்புத் தாளில் டேப்பால் ஒட்டி, பின்பக்கம் தூரத்தை எழுதி எடுத்துச் செல்கிறேன்.

நடப்பதற்கு முன் பத்து மீட்டர் கயிற்றை விரித்து, அந்தத் தூரத்துக்குத் தனக்கு எத்தனை காலடி என்று ஒவ்வொரு பிள்ளையும் எண்ணட்டும். பிறகு கயிறு வேண்டாம், காலடியே அளவுகோல். செவ்வாய் வரை பேச்சும் சிரிப்புமாக இருக்கும்; வியாழனுக்குப் போகும் வழியில் பேச்சு குறையும்; சனியைத் தாண்டியதும் 'நெப்டியூன் வந்துடுச்சா?' என்ற கேள்வி தொடங்கும். அந்தச் சலிப்பைப் போக்க நடுவில் கதை சொல்லாதீர்கள். வெறுமையைக் கால்வலியாக உணர்வதற்காகத்தான் அவர்களை அழைத்து வந்தோம்; சார்ட்டில் அதற்கு இடமில்லை.

திரும்பி வந்து சூரியன் அருகே உட்காருங்கள். இந்த அளவில் ஒளியின் வேகம் நொடிக்கு 3 சென்டிமீட்டர், ஓர் எறும்பின் நடை. ஒரு பிள்ளையைக் குதிகாலும் விரலும் ஒட்டும்படி, ஏழு நொடிக்கு ஓர் அடியாக, சூரியனிலிருந்து பூமி வரை நடக்க விடுங்கள். 8 நிமிடம் 20 நொடி பிடிக்கும். நெப்டியூனுக்கு என்றால் நான்கு மணி நேரத்துக்கும் மேல். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 இப்போது இரண்டரை கிலோமீட்டருக்கு அப்பால், இதே கடற்கரையில்தான் போய்க்கொண்டிருக்கும். அடுத்த விண்மீனான பிராக்சிமா சென்டாரியோ 4,000 கிலோமீட்டரில், காஷ்மீரையும் தாண்டி.

9. இப்போது பெயர்கள், கூடவே நவக்கிரகம்

தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கோள்களின் பெயர்கள் பாதி ஏற்கெனவே தெரியும். ஞாயிறு முதல் சனி வரை கிழமைகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எதிலிருந்து எது வந்தது என்பதை மட்டும் பிரித்துக் காட்டுங்கள். ஞாயிறு விண்மீன், திங்கள் துணைக்கோள், மற்ற ஐந்தும் கோள்கள். விடிவெள்ளியை நட்சத்திரம் என்று பாட்டி சொல்லியிருப்பார்; அது வெள்ளிக்கோள் என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

கோவிலில் ஒன்பது, புத்தகத்தில் எட்டு, எது சரி என்ற கேள்வி வந்தே தீரும். கேலியும் வேண்டாம், மழுப்பலும் வேண்டாம். பூமியில் நின்று பார்ப்பவருக்கு விண்மீன்களின் நடுவே இடம் மாறுபவை எவையோ அவை கிரகங்கள். ஆகவே அந்தக் கணக்கில் சூரியனும் சந்திரனும் உண்டு, நாம் நிற்கும் பூமி இல்லை. ராகுவும் கேதுவும் பொருள்களல்ல. நிலாவின் சாய்ந்த பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். உருண்டையைத் தாழ்த்தியபோது கிரகணம் வந்ததே, அந்த இடங்கள்தாம் என்று சொன்னால் பிள்ளைகளின் முகம் மலரும். பெயர்ச்சிகளும் கைகொடுக்கும்: வியாழன் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 12 ஆண்டு எடுப்பதால் குருப்பெயர்ச்சி ஆண்டுக்கு ஒன்று, சனிக்கு 29.5 ஆண்டு என்பதால் சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒன்று. 12 ராசியால் வகுக்கச் சொல்லுங்கள். பலன்களைப் பற்றிய விவாதத்துக்குள் வகுப்பை இழுத்துச் செல்லாதீர்கள். அது வேறொரு நாளைக்கு.

புளூட்டோவுக்கு இரண்டு வரி போதும்: அதைப் போன்ற சிறு பொருள்கள் அந்தப் பகுதியில் மேலும் கண்டுபிடிக்கப்பட்டதால், 2006-இல் அது குறுங்கோள் என்று வகைப்படுத்தப்பட்டது.

கோட்டூர்புரத்தில் உள்ள பிர்லா கோளரங்கத்துக்கு அழைத்துச் செல்வதாக இருந்தால் இந்தப் படிக்குப் பிறகு செல்லுங்கள். தொடக்கத்திலேயே போனால் குளிரூட்டிய இருட்டில் தூங்குகிறார்கள். இப்போது போனால் தெரிந்த பெயர்களைத் தேடுகிறார்கள்.

10. ராக்கெட்டுக்கு முன் மூன்று சிறு சோதனைகள்

சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து, தன் புத்தகப்பையை முன்னால் எறியச் சொல்லுங்கள். நாற்காலி பின்னால் உருளும். நம் பிள்ளைகளின் பை இருக்கும் கனத்துக்கு நன்றாகவே உருளும். பலூனை மட்டும் காட்டினால், வெளியேறும் காற்று பின்னாலுள்ள காற்றைத் தள்ளுவதால்தான் ராக்கெட் போகிறது, காற்றில்லாத இடத்தில் அது ஓடாது என்று எண்ணிக்கொள்வார்கள். பை எதையும் தள்ளவில்லை. எறிந்ததே போதுமானதாக இருந்தது.

அடுத்தது தண்ணீர் பாட்டில். அடியில் ஒரு துளையிட்டால் நீர் பீறிடும். நாற்காலி உயரத்திலிருந்து அதை வாளிக்குள் விட்டால், விழும் அந்த நேரம் மட்டும் நீர் நின்றுவிடும். பாட்டிலும் நீரும் ஒன்றாக விழும்போது ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை. விண்வெளி நிலையத்தில் மிதப்பதும் இதுவே. அங்கே ஈர்ப்பு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் தரையில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ஈர்ப்பு இருக்கிறது. நிலையம் விழுந்துகொண்டே இருக்கிறது, ஆனால் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் போவதால் தரை வளைந்து விலகிக்கொண்டே போகிறது.

மூன்றாவது ஊஞ்சல். சந்திரயான் 3 ஏன் ஒரு மாதத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது, அப்பல்லோ 11 நான்கு நாளில் போனதே என்று கேட்பார்கள். அப்பல்லோவைச் சுமந்த ராக்கெட்டின் எடை சுமார் 2,900 டன், சந்திரயானைச் சுமந்த நம் எல்.வி.எம்.3 ராக்கெட்டின் எடை 640 டன். ஒரே தள்ளலில் உச்சிக்கு அனுப்பப் பலம் வேண்டும்; பலம் குறைந்தவர் ஊஞ்சலைத் தாழும்போதெல்லாம் ஒரு தள்ளு தள்ளி உயர்த்துவார். சந்திரயானும் பூமியை நெருங்கும்போதெல்லாம் எந்திரத்தை இயக்கித் தன் பாதையை நீட்டிக்கொண்டது.

பிறகு பழைய நிலாக் குறிப்பேட்டை எடுக்கச் சொல்லுங்கள். விக்ரம் லேண்டர் தரையிறங்கிய 2023 ஆகஸ்ட் 23, வளர்பிறையில் பாதி நிலாவுக்கு முந்தைய நாள். இறங்கிய இடத்தில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. நிலாவின் ஒரு பகல் நமக்கு ஏறக்குறைய 14 நாள். சூரிய ஒளியில் இயங்கிய லேண்டருக்கும் ரோவருக்கும் வேலை நேரம் அவ்வளவே. செப்டம்பர் முதல் வாரத்தில் இரண்டையும் ஏன் உறங்க வைத்தார்கள் என்பதைக் குறிப்பேடு எழுதிய பிள்ளை தானே சொல்லிவிடும்.

11. ஏவும் நாளில் மொட்டைமாடியில்

வானம் தெளிந்திருந்தால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்படும் ராக்கெட்டைச் சென்னை மாடியிலிருந்தே பார்க்கலாம். அங்கேயே போய்ப் பார்க்க இஸ்ரோ வைத்திருக்கும் பார்வையாளர் மாடத்துக்கு இணையத்தில் முன்பதிவு வேண்டும். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு என்றால் மாடியே எளிது.

வடக்கு எது என்பதைக் குச்சி நிழலில் வரைந்த கோட்டிலிருந்து முன்கூட்டியே குறித்துவையுங்கள். ஏவும் நேரத்தில் திசை தேடினால் ராக்கெட் போய்விடும். நேரலையைக் கைப்பேசியில் ஓட விடலாம், ஆனால் அது பல நொடிகள் பிந்தி வரும். எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு திரையையே பார்க்கும் பிள்ளைகள் வானத்தைத் தவறவிடுவார்கள். கடிகாரத்தை நம்பி, அடிவானத்தில் கண் வைக்கச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில், ஏவுதளம் ஏன் கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது என்று கேளுங்கள். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் அங்கே நொடிக்கு சுமார் 450 மீட்டர் வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. கழன்று விழும் பாகங்களும் கடலில் விழும். துருவப் பாதைக்குத் தெற்கே போக வேண்டிய ராக்கெட்டோ இலங்கையின் மேல் பறக்காமலிருக்க வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது. அதற்காக எரிபொருள் செலவாவதால்தான் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஏவுதல் கடைசி நேரத்தில் தள்ளிப்போவதும் உண்டு. பெற்றோர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவையுங்கள். நேரத்தையும் ஏவும் அன்று காலையில் இன்னொரு முறை சரிபார்த்துவிட்டே பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். தள்ளிப்போய்விட்டால் கலைந்துவிட வேண்டாம். முதல் நாள் வாங்கிவைத்த தாள்களைக் கையோடு கொண்டுவாருங்கள். அவரவர் தாளை அவரவரிடமே கொடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்தச் சொல்ல அதைவிட நல்ல பொழுது கிடைக்காது.